கேமல் மீடியம்

ஐந்து நிமிஷத்தில் என்ன செய்யலாம்? பாரிவாக்கம் கூட்டு ரோட்டில் நின்று ஒரு டீ குடிக்கலாம். பூந்தமல்லி பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கலாம். (வராது.) நம்மூர் விழா மேடை என்றால், ‘தலைமையேற்று அமர்ந்திருக்கும்...’ என்று தொடங்கி, மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேரின் பெயரை அடைமொழியோடு சொல்லி முடிக்கலாம். மீதிப் பேருக்கு இன்னோர் ஐந்து நிமிஷம். பொன்னாடை தனிக் கணக்கு.

இதே ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு விஷயத்தை எடுத்து, சொல்லி, புரியவைத்து, இடத்தைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று ஒரு பேச்சு வகை இருக்கிறது. ‘லைட்னிங் டாக்’ என்கிறார்கள். மின்னல் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்காரர்களின் மாநாடுகளில் ரொம்பப் பிரசித்தம். கம்ப்யூட்டர் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று விவாதிக்கும் ஆன்லைன் மாநாடுகளில் நான் இரண்டு தடவை இப்படிப் பேசியிருக்கிறேன். இரண்டும் பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து. இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்ற சர்வதேசச் சீருடையில்.

பகலில் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங் உத்தியோகம். சனி, ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாடியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பேராசிரியர் இல்லை, டாக்டர் பட்டம் இல்லை. இப்படிப்பட்ட ஆசாமிக்கு மாநாட்டில் யார் ஒரு மணி நேரம் கொடுப்பார்கள்? ஐந்து நிமிஷம் என்றால் கொடுக்கிறார்கள். ‘அஞ்சு நிமிஷம்தானே, பேசிட்டுப் போகட்டும்’ என்கிற தாராளம்தான்!

மின்னல் பேச்சுக்குச் சரித்திரமெல்லாம் உண்டு. 2000 ஜூனில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழிக்காரர்கள் கூடினார்கள். மார்க் ஜேசன் டாமினஸ் என்பவர் சூட்டிய இந்தப் பெயர் அந்தக் கூட்டத்தில் புழக்கத்துக்கு வந்தது. 2003-ல் டோக்கியோவில் ‘பெச்சா குச்சா’ என்று இன்னொன்று. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 செகண்ட், தானாக நகர்ந்துவிடும். ஆக 6 நிமிஷம் 40 செகண்டில் ஆட்டம் க்ளோஸ். ஜப்பானிய மொழியில் பெச்சா குச்சா என்றால் சளசளப் பேச்சு என்று அர்த்தமாம். நம் காதுக்கு ‘பேச்சு கீச்சு’ மாதிரியே ஒலிப்பது தற்செயல்தான். உடனே தமிழிலிருந்து போன சொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கடும் வறட்சி. குளிப்பதை மூன்றே நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச, ஜனங்கள் முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிஷ மணல் கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டார்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தலைவராக இருந்த ஆலன் லாஸன் இதைக் கவனித்தார். மூன்று நிமிஷத்தில் குளிக்க முடிந்தால், மூன்று நிமிஷத்தில் ஆராய்ச்சியையும் சொல்ல முடியாதா? 2008-ல் ‘மூன்று நிமிஷ ஆய்வேடு’ என்ற போட்டி பிறந்தது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. 2019-ல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு பாளம் பாளமாய்க் கிடந்தபோது, பூந்தமல்லி பக்கத்தில் நாங்களும்தான் அரை பக்கெட்டில் குளித்தோம். மேடைப் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சரி, பாரிவாக்கத்துக்கு எப்படி மின்னல் வந்தது? கொரோனா கொண்டுவந்தது.

ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கத்துக்குக் கணினிக் கல்விக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதன் பெரிய வருடாந்தர மாநாடு 2020 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடக்க வேண்டியது. ஆட்கள் வந்து இறங்கி, பெட்டியைப் பிரித்த பிறகு ரத்து! அந்த வருஷமே நார்வேயின் ட்ராண்ட்ஹைமில் நடக்கவேண்டிய மாநாடும், நியூசிலாந்தின் டனீடினில் நடக்கவேண்டிய மாநாடும் ஆன்லைனுக்கு மாறின. 2021 மார்ச்சில் டொரான்டோவுக்கென்று திட்டமிட்ட மாநாடும் கம்ப்யூட்டர் திரைக்குள் போயிற்று.

அவர்களுக்கு அது கஷ்டம். காரிடாரில் காபி குடித்துக்கொண்டே பேசுவதுதான் மாநாட்டின் ருசி. அது போச்சு என்று புலம்பினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காரிடாரே என்றைக்கும் கிடைத்ததில்லை. விமான டிக்கெட், விசா வரிசை, ஹோட்டல் வாடகை, ஒரு வாரம் லீவு... நாலையும் கூட்டினால் என் ஹவுசிங் லோன் வட்டி ஜுஜுபி. ஆன்லைனில் பதிவுக் கட்டணம் மட்டும். சில மாநாடுகளில் அதுவும் இல்லை. கதவு திறந்தது. கொரோனா போன பிறகு பல மாநாடுகள் பழையபடி ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் 2024 டிசம்பர் 5 முதல் 8 வரை, அதே ஏ.சி.எம். பிரிவு முழுக்க முழுக்க ஆன்லைனுக்கென்றே திட்டமிட்ட உலக மாநாடு ஒன்றை முதல் தடவையாக நடத்தியது. நான் பேசியவை அத்தனை பெரிய பந்தல் இல்லை. திரையில் நூறு பேர் இருந்தால் அதிகம்.

இனி விஷயம். நான் எதைப் பேசினேன்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி++. பன்னிரண்டாம் வகுப்பில் 2019-லிருந்து பைத்தான். நல்ல புத்தகங்கள். தமிழ் மீடியம் புத்தகத்தில் கலைச்சொற்கள் எல்லாம் தமிழில். ஃபங்ஷன் என்பது செயற்கூறு. ஸ்கோப்பிங் என்பது வரையெல்லை. டேட்டா அப்ஸ்ட்ராக்‌ஷன் என்பது தரவு அருவமாக்கம்; முதலில் படித்தபோது பேய்க்கதை மாதிரி இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது. அல்காரிதத்துக்கு நெறிமுறை என்று வைத்ததில் எனக்குச் சண்டை உண்டு. ஒழுக்க விதிக்கும் அதே சொல்தானே! ஆனால் சில சொற்கள் இங்கிலீஷைவிட எத்தனையோ மேல். ரிகர்ஷன் என்ற சமாசாரம், ஒரு செயற்கூறு தன்னைத் தானே மறுபடி கூப்பிட்டுக்கொள்வது. இங்கிலீஷ் சொல்லைக் கேட்டால் ஒன்றும் தெரியாது. தமிழில் ‘தற்சுழற்சி’. பாதிப் பாடம் பேரிலேயே முடிந்துவிட்டது, பாருங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவனுக்குத் தற்சுழற்சி என்றால் அல்வா. ஃபேக்டோரியலா, ஃபிபொனாச்சியா, நோட்டில் கட்டம் கட்டமாய்ப் போட்டுக் காட்டுவான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இட ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-ல் வந்தது. அதில் சீட் கிடைத்துப் போனான். தெருவே சந்தோஷப்பட்டது. மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

“சார், காலேஜ்ல ரிகர்ஷன்னு ஒண்ணு எடுக்கறாங்க. சுத்தமாப் புரியல. டெஸ்ட்ல பேப்பரை வெறுமனே குடுத்துட்டேன்.”

“டேய், ரிகர்ஷன்னா தற்சுழற்சிடா!”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். “அதுவா சார்?” என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான் என்னவோ போலாகிவிட்டது. தெரிந்த பாடத்துக்கு வெற்றுத்தாளைக் கொடுத்திருக்கிறான். ஊர் மாறியபோது பெயரும் மாறிவிட்டது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இதுதான் என் பேச்சு. கல்லூரியின் முதல் மாசத்தில் இரண்டு பத்தி போட்ட ஒரே ஒரு தாள் கொடுங்கள். இடது பக்கம் பள்ளியில் படித்த சொல், வலது பக்கம் இனிமேல் கேட்கப்போகிற சொல். அவ்வளவுதான். காசு செலவில்லை, கமிட்டி வேண்டாம்.

அவ்வளவுதான் என்று இங்கே நாலு வரியில் சொல்லிவிட்டேன். பேச்சாக எழுத உட்கார்ந்தால் விஷயம் ஊறிக்கொண்டே போகிறது. தமிழில் கணினி வந்த கதையைச் சொல்ல வேண்டாமா? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு, அதிலிருந்து பிறந்த தமிழ்99 விசைப்பலகை, 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் ஆரம்பித்தது... எல்லாம் அருமையான சங்கதிகள். நாற்பது நிமிஷத்துக்குத் தாராளமாய் வரும். கையில் இருப்பதோ ஐந்து. இங்கிலீஷில் நிதானமாய்ப் பேசினால் நிமிஷத்துக்கு 120 வார்த்தை. மொத்தம் 600. அடிமேல் அடி வைத்து வெட்ட வேண்டும்.

வீட்டில் ஒத்திகை. மனைவி அடுப்பு மேடையிலிருந்து கேட்டாள். மூன்றாவது விசிலுக்குக் குக்கரை இறக்கிவிட்டு வந்து நின்றாள்.

“ஏங்க, மூணு விசில் வந்துடுச்சு. நீங்க இன்னும் விஷயத்துக்கே வரலியே?”

“முன்னுரைம்மா. பின்னணி தெரிய வேணாமா?”

“எனக்கு அந்தப் பையன் வெறும் பேப்பர் குடுத்தான்னு சொன்னப்பதான் காது நிமிர்ந்துது. அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் எதுக்கு?”

டெஸ்ட்டிங் உத்தியோகத்தில் இருபது வருஷமாய் இதைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறேன்: முதலில் பிழையைச் சொல், பிறகு கதையைச் சொல். வீட்டில் எனக்கே திருப்பிக் கிடைத்தது. வெற்றுத்தாள் முதல் ஸ்லைடுக்கு வந்தது. நிஜமாகவே ஒரு வெள்ளை ஸ்லைடு, எழுத்தே இல்லாமல். ‘இது ஒரு கெட்டிக்கார மாணவனின் விடைத்தாள்’ என்று ஆரம்பம். என் பெயர், ஊர், உத்தியோகம், ‘வாய்ப்பளித்தமைக்கு நன்றி’, ‘இன்று நாம் காணவிருப்பவை’ எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. பெயர்தான் திரையின் மூலையில் எழுதியிருக்கிறதே. கடைசி ஸ்லைடில் பெரிய எழுத்தில் ‘நன்றி’ என்று போடுவதும் அப்படித்தான். அந்த ஸ்லைடுதான் கேள்வி நேரம் முழுக்க நிற்கும். அந்த இடத்தில் இரண்டு பத்தித் தாளைப் போட்டால் ஜனங்கள் அதையாவது படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆபீஸில் வாராவாரம் ரிவ்யூ மீட்டிங்கில் நெளிபவர்களுக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன். மேனேஜர் ஐந்து நிமிஷம் கொடுத்தால் முதல் நிமிஷத்தில் சரக்கை இறக்கிவிடுங்கள். மீதி நாலு அவர் பேசுவதற்கு.

2022 ஏப்ரலில் முதல் பேச்சு. மாநாட்டுக்காரர்களுக்குக் காலை 11 மணி, நமக்கு இரவு எட்டரை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்காரர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அதனால் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. ஆன்லைனில் பேசக் கிளம்புகிறவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

இரவு எட்டரைக்குப் பாரிவாக்கம் எப்படி இருக்கும் என்றால், ஏரிப் பக்கம் தவளை, தெருவில் நாய், ஆவடி ரோட்டில் ஹாரன். ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் கொசு. கொசுவைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் போடாத கொசு மைக்கில் வராது.

என் முறை வந்தது. வெள்ளை ஸ்லைடு. திரையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அதாவது மைக்கை. ஆன்லைன் பேச்சில் பழக வேண்டியது இதுதான். மேடையில் ஒரு ஜோக் சொன்னால் சிரிப்பாவது வரும், இருமலாவது வரும். இங்கே கிணற்றில் கல் போட்டு, அது தரையைத் தொட்டதா என்று காது கொடுக்கிற மாதிரி. முகங்களைப் பார்த்தால் பயம் வரும் என்று காமிராவின் பச்சைப் புள்ளியையே பார்த்துப் பேசினேன். பையன், வெற்றுத்தாள், தற்சுழற்சி, இரண்டு பத்தித் தாள் என்று இரண்டாவது நிமிஷத்தைத் தாண்டும்போது...

பட்டென்று கரண்ட் போயிற்று.

லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. இன்டர்நெட் பெட்டிதான் உயிரை விட்டது. திரையில் எல்லோரும் அப்படியே உறைந்து நின்றார்கள், ஒருவர் காபிக் கோப்பையை வாயருகே வைத்தபடி. மனைவி இருட்டில் தன் போனோடு ஓடி வந்தாள். “ஹாட்ஸ்பாட் போட்டுட்டேன்! பாஸ்வேர்டு நம்ம கல்யாண நாள்!” இல்லற வாழ்க்கையில் ஆண்மகனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வரக்கூடாது. சரியாகப் போட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திரும்பி உள்ளே நுழைந்தபோது தலைமை வகித்த அம்மணி, “உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது” என்றார். மின்னல் பேச்சில் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. நான் இரண்டு வாக்கியம் மட்டும் சொன்னேன். ‘அவன் கம்ப்யூட்டர் பாடத்தில் தோற்கவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி மாணவர்கள் இருந்தால், உங்கள் மொழிக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள்.’ முடித்துக்கொண்டேன். மூன்றாவது விசிலுக்கு அப்புறம் விஷயத்துக்கு வருகிற பழைய பேச்சாக இருந்திருந்தால், 1999 மாநாட்டு வாசலிலேயே கரண்ட் போயிருக்கும்.

கேள்வி நேரம். திரையோரத்து அரட்டைப் பெட்டியில் முதல் கேள்வி வந்து விழுந்தது: “நல்ல பேச்சு. ஆனால் கேமல் மீடியம் என்றால் என்ன?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பார்த்தால், பேசப் பேச எழுத்தாக்கிக் கீழே ஓடவிடும் கம்ப்யூட்டர், நான் ‘தமிழ் மீடியம்’ என்ற போதெல்லாம் ‘கேமல் மீடியம்’ என்று ஓட்டியிருக்கிறது. ஒட்டகத்தின் வழியே கல்வி கற்கும் பிள்ளைகளுக்காக நூறு பேர் இரண்டு நிமிஷம் உருகியிருக்கிறார்கள்! பாரிவாக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. சொற்கள் இடம் மாறினால் அர்த்தம் கெடும் என்பதற்கு நான் மேற்கொண்டு ஓர் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அதையே பதிலாகச் சொன்னேன். அப்போதுதான் முதல் முறையாக இரண்டு பேர் மைக்கைத் திறந்து சிரித்தார்கள்.

கென்யாவிலிருந்து ஓர் ஆசிரியர், ஸ்வாஹிலியில் சிந்திக்கும் பிள்ளைகள் இங்கிலீஷ் வகுப்பில் இப்படித்தான் ஊமையாகிறார்கள் என்று எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை எனக்குத் தனியாகத் தமிழிலேயே எழுதினார்: “நீங்கள் நிரல் எண்டு சொல்றதை நாங்கள் செய்நிரல் எண்டு படிப்பிக்கிறம். உங்கட தாளில மூண்டாவது பத்தியும் போட ஏலுமா?” போட்டேன். அவர் சொல்லச் சொல்ல, அடுத்த ஒரு மாசத்தில் மூன்றாவது பத்தி நிரம்பியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு வகுப்பறை இருப்பதை, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வீட்டுக்குமாய்ப் போய் வந்துகொண்டிருந்தால் நான் எந்த ஜென்மத்தில் தெரிந்துகொண்டிருப்பேன்?

இரண்டாவது பேச்சு 2024 நவம்பரில். இதை நான் தனியாகப் பேசவில்லை.

அந்த வருஷம் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண் ஒருத்தி. அப்பா பூந்தமல்லி, ஆவடி மார்க்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெண் மகா கெட்டி. ஆனால் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. “இங்கிலீஷ்ல சொல்லணும் சார். தப்பா வந்துட்டா சிரிப்பாங்க.” இரண்டு பத்தித் தாள் அவளிடம் இருந்தது, சொல் தெரியும். தாளில் எழுதிக் கொடுக்க முடியாதது தைரியம்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நான் பேசுவதைவிட அவளே பேசினால் என்ன? மாநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் என் மாணவி தமிழில் பேசலாமா, ஸ்லைடில் இங்கிலீஷில் எழுதிவிடுகிறேன் என்று. முன்கூட்டியே எழுத்து வடிவம் அனுப்பினால் பேஷாய்ப் பேசலாம் என்று பதில் வந்தது. இதற்கு ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்த்து நான் தயாரித்து வைத்திருந்த இரண்டு பக்க வாதம் வீணாய்ப் போயிற்று.

“என்னத்தைப் பேசறது சார்?”

“தற்சுழற்சியை விளக்கு. கம்ப்யூட்டர் கிட்டவே போகக்கூடாது. வீட்டுல இருக்கற சாமானை வெச்சு.”

இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைப் பையோடு வந்தாள். உள்ளே ஐந்து எவர்சில்வர் டப்பா. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரகம். மாசக் கடைசிக்கு அவள் அம்மா பருப்பு போட்டு வைக்கிற டப்பாக்கள். ஒத்திகையில் இரண்டு சங்கதி தெரிந்தது. ஒன்று, டப்பா மூடியைத் திறக்கும் ‘டங்’ சத்தத்தை ஜூம் தேவையில்லாத இரைச்சல் என்று முடிவுகட்டி, கூடவே அவள் குரலையும் அமுக்கியது. அந்த வடிகட்டியை நிறுத்தி வைத்தோம். இரண்டு, அவள் படிக்கிற மாதிரி ஒப்பித்தாள். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, “என் பொண்ணுக்குச் சொல்லிக் குடு, பார்க்கலாம்” என்றேன். மூன்றாவது படிக்கும் என் மகள் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிரமாதமாய் வந்தது. ஆகவே மாநாட்டு நாளன்றும், இரவு ஒன்பதரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்த மகளை லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார வைத்தோம். உலகம் பார்த்தது அந்தப் பெண்ணை. அவள் பார்த்தது என் மகளை.

“இந்த டப்பாவுக்குள்ள மொத்தம் எத்தனை டப்பான்னு கண்டுபிடிக்கணும்” என்று ஆரம்பித்தாள். “எண்ண வேணாம். ஒரே ஒரு வேலைதான். மூடியைத் திற. உள்ளே இன்னொரு டப்பா இருந்தா, அதுகிட்டேயும் இதே கேள்வியைக் கேளு.” டங். “உள்ளே இருக்கு. கேளு.” டங். “இருக்கு. கேளு.” டங். டங். கடைசி டப்பாவுக்குள் ஒரு ரூபாய்க் காசு. “இதுக்குள்ள டப்பா இல்ல. இங்கதான் நிறுத்தணும். நிறுத்தற இடம் இல்லேன்னா கம்ப்யூட்டர் திறந்துகிட்டே இருக்கும். இந்தக் குட்டி சொல்லுது, ‘நான் ஒண்ணு.’ அடுத்தது அதைக் கேட்டு, தன்னையும் சேர்த்து ‘ரெண்டு’ங்குது.” ஒவ்வொன்றாய் உள்ளே போட்டு மூடிக்கொண்டே வந்தாள். “மூணு. நாலு. அஞ்சு. பெரிய டப்பா யாரையும் எண்ணல. பக்கத்துல இருக்கறதைக் கேட்டுது, ஒண்ணு கூட்டிச்சு. அவ்வளவுதான். இதுக்குப் பேரு தற்சுழற்சி.” ஒரு வினாடி நிறுத்தினாள். “ரிகர்ஷன்” என்றாள்.

70 செகண்ட்தான் ஆகியிருந்தது.

கைதட்டும் பொம்மைகள் திரையில் மேலேறிக்கொண்டே இருந்தன. யாரோ ஒரு பேராசிரியர் அந்த டப்பா உதாரணத்தைத் தன் வகுப்பில் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, “எடுத்துக்கச் சொல்லுங்க சார். ஆனா டப்பா தர முடியாது, அம்மா தேடுவாங்க” என்றாள். மைக் திறந்திருந்தது. நான் மொழிபெயர்த்தேன். எனக்குச் சொல்ல மிச்சமிருந்த ஒன்றரை நிமிஷத்தை யாரும் கவனித்ததாய் நினைவில்லை. வழக்கம்போல இரண்டு பத்தித் தாளைத் திரையில் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன். கல்லூரி பஸ்ஸிலிருந்து பேசினாள். பின்னால் ஒரே இரைச்சல்.

“சார், இன்னிக்கு க்ளாஸ்ல ரிகர்ஷன் எடுத்தாங்க. எங்க நிறுத்தணும், ஏன் நிறுத்தணும்னு கேட்டாங்க. நான் கை தூக்கினேன்.”

“அடி சக்கை! என்ன சொன்னே?”

“பாதி இங்கிலீஷ், பாதி தமிழ் சார். டப்பாவுக்கு இங்கிலீஷ் வரல, டப்பான்னே சொல்லிட்டேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க.”

“சார் என்ன சொன்னார்?”

“காதுல விழல, சத்தமாச் சொல்லுன்னார்.”

“அப்புறம்?”

“எழுந்து நின்னு, மறுபடியும் சொன்னேன் சார்.”